ஊர் சுற்றும் உரிமை

“ஊர் சுற்றி!” - நம் நாட்டில் இது வசைச் சொல். வேலைவெட்டி இல்லாதவன், வீட்டுக்கு அடங்காதவன், உருப்படாதவன் என்று மூன்று வசைகளை அடுக்குவதற்குப் பதிலாக, இந்த ஒரு சொல்லை வீசினால் போதும். பெண்ணைப் பார்த்து இதையே வீசினால், அதன் நஞ்சு இன்னும் அதிகம். அவள் நடத்தையையே சந்தைக்கு இழுக்கும் சொல்லாக அது மாறிவிடும்.

ஆனால் இந்த வசை எல்லோருக்கும் பொதுவானதா? இல்லை. சீமான் வீட்டுப் பிள்ளை காரில் ஏறிக் கோயில், கோட்டை, காடு, மலை என்று பத்து நாள் திரிந்துவிட்டு வந்தால், அதற்குச் சுற்றுலா என்று பெயர். களையெடுக்கும் கூலிப் பெண்ணின் பிள்ளை ஒரு பழைய மிதிவண்டியை மிதித்துக்கொண்டு, பத்துக் கல் தொலைவிலுள்ள குன்றைப் பார்த்துவிட்டுப் பொழுது சாய வந்தால், அவன் ஊர் சுற்றி! அவர் பார்த்தால் கலை ஆர்வம். இவன் பார்த்தால் காலித்தனம்! அவர் போனால் அறிவுப் பயணம். இவன் போனால் பொழுதைக் கெடுக்கும் பயணம்! என்னே நம் நாட்டு நீதி!

நாம் கூறுகிறோம்: ஊர் சுற்றுவது உரிமை. உழுகிறவனுக்கும், நெய்கிறவனுக்கும், கல்லுடைப்பவளுக்கும், அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் உரிய உரிமை. தான் வாழும் நாட்டைத் தன் கண்ணால் பார்க்காதவன், அந்த நாடு தன்னுடையது என்று எப்படி நம்புவான்? அந்த உரிமையை ஏழையின் கைக்கெட்டும் விலையில் கொடுத்த கருவி ஒன்று உண்டு. அதுதான் மிதிவண்டி.

மேல்நாட்டுத் தொழிலாளர் இந்த உண்மையை நூறாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டனர். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து இளைஞர் சிலர் 1894இல் ஒரு மிதிவண்டிச் சங்கம் அமைத்தனர். ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டு நடத்திய ‘கிளாரியன்’ என்ற சமதர்ம வார ஏட்டின் வாசகர்கள் அவர்கள். சங்கத்துக்கும் அந்த ஏட்டின் பெயரையே சூட்டினர். வாரத்தில் ஆறு நாள் ஆலைப் புகையை விழுங்கியவர்கள், ஏழாம் நாள் வண்டியேறி வயல்வெளிக்கும் சிற்றூர்களுக்கும் சென்றனர். போன இடமெல்லாம் துண்டறிக்கை வழங்கினர், ஏடு விற்றனர், கூட்டம் போட்டுப் பேசினர். மர நிழலும் அவர்களுக்குக் கிடைத்தது. மக்கள் தொடர்பும் கிடைத்தது.

ஜெர்மனியில் 1896இல் ‘ஒற்றுமை’ என்னும் பொருள்படும் பெயரோடு தொழிலாளர் மிதிவண்டிக் கூட்டமைப்பு எழுந்தது. பிற்காலத்தில் இலட்சக்கணக்கானவர்கள் அதில் சேர்ந்தனர். உறுப்பினர்களுக்கென்று சொந்தமாக மிதிவண்டித் தொழிலகமே நடத்தியது அந்த அமைப்பு. 1933இல் ஆட்சியைப் பிடித்த நாஜிகள் அதைத் தடை செய்தனர். மிதிவண்டியில் ஊர் சுற்றுகிறவர்களைக் கண்டு சர்வாதிகாரி ஏன் அஞ்சவேண்டும்? ஊர் ஊராகப் போகிறவன் நாலு பேரைப் பார்க்கிறான். நாலு பேரைப் பார்ப்பவன் நாலு செய்தி அறிகிறான். அறிந்தவன் கேள்வி கேட்கிறான். அதுதான் அச்சத்தின் காரணம்!

பெண்களின் கதையோ இதைவிடப் பெரிது. அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. அந்தோணி, உலகில் வேறெதையும்விடப் பெண் விடுதலைக்கு அதிகம் உதவியது மிதிவண்டியே என்று 1896இல் கருத்துக் கூறினார். அந்தக் கருத்து மெய்யா என்று அறிய அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. புதுக்கோட்டைக்குப் போனால் போதும்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு மிதிவண்டியும் பெண்களுக்குக் கற்றுத்தரப்பட வேண்டும் என்ற எண்ணம் அங்கே செயலாயிற்று. கல்லுடைப்பவர், வயலில் உழைப்பவர், பாலர் பள்ளி ஆசிரியை, செவிலி, கல்மணி பட்டை தீட்டும் தொழிலாளி என்று பெண்கள் ஆயிரமாயிரமாய் வண்டியேறினர். பெண்கள் வண்டி கிடைக்கவில்லையா? ஆண்கள் வண்டியையே எடுத்தனர். முன் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம், அதுவே வசதி என்றனர்! 1992 மகளிர் நாளன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய மிதிவண்டிகளில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் அணிவகுத்தனர். பத்து வயதுக்குட்பட்ட சிறுமியரை நீக்கிப் பார்த்தால், மாவட்டத்து நாட்டுப்புறப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் மிதிவண்டி கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார்.

கேலி இல்லையா? இருந்தது. காது கூசும் சொற்களை வீசினர் பலர். அந்த ஊருக்கு அது புதிதா என்ன? 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் அடியெடுத்து வைத்தபோதும் எதிர்த்தவர்கள் உண்டு. எதிர்த்தவர்களின் பெயர்கள் இன்று எவருக்குத் தெரியும்? முத்துலட்சுமியின் பெயரை நாடறியும்.

புதுக்கோட்டைப் பெண்களின் இந்த வரலாற்றைச் சாய்நாத்தின் எழுத்து வழியாக, மத்திய அரசு நிறுவனத்தின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் வடநாட்டுப் பிள்ளைகள் படித்தனர். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும் என்று கேட்டால் நாம் தலைகுனியத்தான் வேண்டும்.

அந்தப் பெண்கள் முதலில் வண்டி ஓட்டியது தண்ணீர்க் குடத்துக்காக, சந்தைக் கூடைக்காக, அறிவொளி வகுப்புக்காக. தேவைக்காகப் போனார்கள். தேவைக்குப் போகும் உரிமை வந்தால் போதுமா? பார்க்கவும், மகிழவும், அறியவும் போகும் உரிமை வேண்டாமா? வேண்டும் என்பதே நம் வாதம். அதே புதுக்கோட்டையைச் சான்றாக வைத்துக்கொண்டே பேசுவோம். வயலும் காடும் பழம் பேரூர்களும் ஒரே வட்டத்துக்குள் அமைந்த மாவட்டம் அது. மிதிவண்டிப் பயணத்துக்கென்றே யாரோ அளந்து வைத்ததுபோல இருக்கும்.

நகரத்திலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் போனால் சித்தன்னவாசல். குன்றின் ஒரு புறம் சமணத் துறவியரின் கற்படுக்கைகள். அங்கே ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழிக் கல்வெட்டு. இன்னொரு புறம் குடைவரைக் கோயில். அதன் விதானத்தில் தாமரைக் குளமும் மீனும் அன்னமும் யானையும் தீட்டிய ஓவியம். அதைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் பெயர் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டில் நிற்கிறது. அங்கிருந்து அன்னவாசல் வழியே சற்று மிதித்தால் குடுமியான்மலை. அங்கே பாறையில் கிரந்த எழுத்தில் இசைப்பாடம் பொறித்து வைத்திருக்கிறார்கள். மேலும் மேற்கே போனால் கொடும்பாளூர். இருக்குவேளிர் கட்டிய மூவர் கோயிலில் மூன்றில் இரண்டு இன்றும் நிற்கின்றன. வடக்கே திரும்பினால் நார்த்தாமலை. பாறை முகட்டில், வட்ட வடிவக் கருவறையோடு விசயாலய சோழீச்சரம். தெற்கே 20 கிலோமீட்டரில் திருமயம். 1687இல் சேதுபதி எழுப்பிய கோட்டை. மூன்று நாளில் சுற்றி வரலாம். நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மிதிக்கத் தேவையில்லை. மார்கழி, தை, மாசியில் காலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் பாதி வழி கடந்துவிடலாம்.

“இதையெல்லாம் பஸ்ஸில் போய்ப் பார்க்கலாமே, காரில் போனால் ஒரே நாளில் முடியுமே” என்பார்கள். முடியும்தான். கோயிலைப் பார்க்கலாம், கோட்டையைப் பார்க்கலாம். இரண்டுக்கும் இடையே இருக்கிற நாட்டைப் பார்க்க முடியாது!

கார் கண்ணாடிக்கு வெளியே ஒரு கண்மாய் ஓடி மறையும். அதன் நடுவே இரண்டு கல்தூண்கள் நிற்பது கண்ணில் பட்டும் படாமலும் போகும். மிதிவண்டியில் போகிறவன் இறங்குவான், கரைமேல் ஏறுவான், ஆடு மேய்க்கும் பெரியவரைக் கேட்பான். “அதுவா தம்பி, குமிழி மடை” என்பார் அவர். அடியில் சேறும் மேலே தண்ணீரும் பிரிந்து போகும்படி, பழந்தமிழர் கல்லில் அமைத்த மதகு அது. அதை வெட்டிக் கொடுத்தவர் பெயரைத் தாங்கிய தூண்களும் அந்த மாவட்டத்துக் கண்மாய்களில் உண்டு. அரசன் கட்டிய கோயிலுக்குப் பெயர்ப் பலகை இருக்கிறது. உழவனுக்குச் சோறு போட்ட மதகுக்குப் பலகை இல்லை. மிதிவண்டிக்காரன் கண்ணுக்குத்தான் அது தெரியும்.

காடும் அப்படித்தான். தொலைவிலிருந்து பார்த்தால் பச்சைப் பசேல் என்று வரிசை வரிசையாக மரங்கள். ஆகா, காடு என்று மகிழ்ந்துவிட்டுக் காரில் போகிறவர் போய்விடுவார். மிதிவண்டியில் அதன் ஓரமாகவே அரை மணி நேரம் போகிறவனுக்கு ஐயம் வரும். பறவையின் குரல் இல்லை; தரையில் புதர் இல்லை; அளந்து நட்ட தைல மரம், அதைவிட்டால் முந்திரி. 1974இல் தொடங்கப்பட்ட வனத்தோட்டக் கழகமும் தனியாரும் காகித ஆலைக்காக வளர்க்கும் தோப்பு அது. அதைக் கடந்து ஒரு சிற்றூரின் கோயில் காட்டை அடைந்தால், அங்கே வீரையும் பாலையும் காயாவும் பின்னிக் கிடக்கும், நிழல் குளிரும், பறவை கூவும், மண் குதிரைகள் காவல் நிற்கும். எது காடு, எது கணக்குக்கு வளர்த்த மரம் என்ற வேறுபாடு உடம்பிலேயே உறைக்கும். தைல மரத்தால் நிலத்தடி நீர் வற்றுகிறது என்று அந்த மாவட்டத்து உழவர்கள் ஏன் குரல் எழுப்புகிறார்கள் என்பதும் விளங்கும். ஆயிரம் அறிக்கை படித்தாலும் இந்தத் தெளிவு வராது.

ஆகவேதான் சொல்லுகிறோம், மிதிவண்டிப் பயணம் வெறும் பொழுதுபோக்கன்று. நாட்டைப் படிக்கும் பள்ளிக்கூடம் அது. ஆனால் அந்தப் பள்ளிக்குப் போகும் வழி எப்படி இருக்கிறது?

சாலை அகலமாகிறது. புளிய மரங்கள் சாய்கின்றன. பேருந்துக்கு இடம், லாரிக்கு இடம், காருக்குத் தாராளமான இடம். மிதிவண்டிக்கு? வெள்ளைக் கோட்டுக்கும் முள்வேலிக்கும் நடுவில் கிடக்கிற புழுதி! 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்கிறது அரசின் கணக்கு. அவர்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மிதிவண்டி ஓட்டிகள். யார் அவர்கள்? பொழுதுபோக்குக்காக மிதித்தவர்களா? வேலை முடிந்து விளக்கில்லாத சாலையில் வீடு திரும்பிய கொத்தனார். பால் கறக்கப் போன பெரியவர். பள்ளி விட்டு வந்த பிள்ளை. அவர்களின் பிணத்தருகே வளைந்து கிடக்கும் வண்டியைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு, மறுநாள் மறந்துவிடுகிறது நாடு.

ஒரு காலத்தில் நகராட்சிக்கு வரி கட்டி, வில்லை வாங்கி வண்டியில் மாட்டினான் மிதிவண்டிக்காரன். விளக்கில்லாமல் போனால் தண்டம் கட்டினான். வரி வாங்கத் தெரிந்தது. தண்டம் வாங்கத் தெரிந்தது. தடம் போடத் தெரியவில்லை! மிதிவண்டித் தடம் எப்படி அமைய வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேராயம் 1962லேயே விதிமுறை எழுதியது. 2015இல் திருத்தியும் எழுதியது. ஏட்டில் இருக்கிறது பாதை; நாட்டில் இல்லை.

“ஹாலந்து நாட்டைப் பாருங்கள், அங்கே எல்லோரும் மிதிவண்டி ஓட்டுகிறார்கள், அது தட்டையான நாடு, குளிர்ந்த நாடு, அவர்களுக்கு முடியும்” என்று சிலர் பேசுவதுண்டு. புதுக்கோட்டையும் பெரும்பாலும் தட்டைதான்! ஹாலந்தின் பாதைகள் தட்டை நிலத்தில் தாமாக முளைத்தவையல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் கார் பெருகியது, மிதிவண்டி ஒதுக்கப்பட்டது. 1971இல் அச்சிறு நாட்டுச் சாலைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினர். குழந்தைக் கொலையை நிறுத்து என்பதையே தம் இயக்கத்துக்குப் பெயராகச் சூட்டினர். 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடும் வந்து சேர்ந்தது. அரசு பணிந்தது, பாதை பிறந்தது. இன்று அந்நாட்டின் ஹோக வேலுவ காட்டுப் பூங்காவில், பார்க்க வருவோர் தனிக்கட்டணமின்றி எடுத்து ஓட்டுவதற்கென்றே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளை மிதிவண்டிகள் காத்திருக்கின்றன. கேட்டதால் கிடைத்தது. கேட்காதவனுக்குப் புழுதிதான்!

நம் ஊரிலும் மிதிவண்டிக்குப் புதுவாழ்வு வந்துவிட்டது என்று நகரத்து நண்பர்கள் சொல்லக்கூடும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கடற்கரைச் சாலையில், தலைக்கவசமும் இறுக்கச் சட்டையும் அணிந்து, விலையுயர்ந்த வண்டிகளில் பறக்கும் கூட்டத்தைக் காட்டுவார்கள். அவர்கள் மீது நமக்குக் காய்ச்சல் இல்லை. ஓட்டட்டும், உடம்பு நலம் பெறட்டும். ஆனால் மிதிவண்டி என்றாலே அவர்கள் நினைவு மட்டும் வருமானால், அது பெரும் பிழை. பாதை போடும்போது, கேரியரில் புல்லுக்கட்டு ஏற்றி வருகிறவனையும், குரங்குப்பெடல் போட்டுப் பழகும் சிறுவனையும் முதலில் நினைக்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பான பாதை, பயணிக்கும் பாதுகாப்பானது. பயணிக்கு மட்டும் போட்ட பாதை அவர்கள் ஊர் வரை வராது!

தமிழ்நாட்டு அரசுக்கு இதில் பெருமைக்குரிய தொடக்கம் ஒன்று உண்டு. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் வந்தது. 2005இல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் அது விரிந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் நிற்காமல் நடந்த திட்டம் அது. வண்டி கொடுத்தீர்கள், வாழ்த்துகிறோம். வண்டியைக் கொடுத்தவர்கள் வழியையும் கொடுக்க வேண்டாமா?

நாம் கேட்பவை வானத்து நிலாவையல்ல. பள்ளிக்கும் சிற்றூருக்கும் இடையே சாலையை அகலப்படுத்தும்போதெல்லாம், மிதிவண்டிக்கென ஒரு தடம் ஒதுக்கப்பட வேண்டும். அதன் மேல் கடையும் காரும் ஏறாமல் காக்கப்பட வேண்டும். புதுக்கோட்டை போன்ற வரலாற்று நகரங்களின் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும், மகளிர் குழுக்கள் வாடகை மிதிவண்டி நிலையம் நடத்த உதவி வேண்டும். மணிக்கணக்கில் வாடகைக்கு வண்டி விட்ட சைக்கிள் கடைகள் ஊருக்கு ஊர் இருந்த நாடுதானே இது! குடைவரைக்கும் கோட்டைக்கும் மட்டுமன்றி, கண்மாய்க்கும் குமிழி மடைக்கும் கோயில் காட்டுக்கும் நல்ல தமிழில் விளக்கப் பலகை நட வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும். பதினோராம் வகுப்பில் மிதிவண்டி பெறும் மாணவ மாணவியர், ஆண்டுக்கு மூன்று நாளாவது ஆசிரியர் துணையோடு தம் மாவட்டத்தைச் சுற்றி வர ஏற்பாடு செய்ய வேண்டும். இரவில் தங்க, விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கட்டடங்கள் போதும். ஊர்ப் பொதுமக்கள் ஒரு வேளை சோறு போடமாட்டார்களா? சோறு போடுவதில் நம் மக்கள் என்றைக்கும் சளைத்தவர்களல்லர். ஒரு சாதித் தெருப் பிள்ளை இன்னொரு தெருவில் உட்கார்ந்து உண்ணுமே, அந்த ஒன்றுக்காகவே இந்தப் பயணத்தை நடத்தலாம்!

பெற்றோருக்கும் ஒரு சொல். மகன் வண்டியெடுத்தால் “பார்த்துப் போ” என்கிறோம், மகள் எடுத்தால் “எங்கே போகிறாய்?” என்கிறோம். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். அவள் திரும்பி வந்ததும் “என்னம்மா பார்த்தாய்?” என்று கேளுங்கள். அவள் சொல்லும் விடையில், நீங்கள் அறியாத உங்கள் ஊரே இருக்கும்.

புதுக்கோட்டைப் பெண்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கேலியை மிதித்து வண்டி ஓட்டினார்கள். அவர்களின் பேத்திகள் கையில் இன்று அரசு கொடுத்த வண்டி இருக்கிறது. பாட்டி குடத்தோடு போன சாலையில், பேத்தி ஒரு புத்தகத்தோடும் கட்டுச்சோற்றோடும் சித்தன்னவாசலுக்குப் போகட்டும். அவள் உயிரோடும் மகிழ்ச்சியோடும் வீடு திரும்புவதற்கு ஒரு முழ அகலப் பாதுகாப்பைச் சாலையோரத்தில் ஒதுக்குவது, ஆளுவோருக்கு முடியாத காரியமா? முடியும். முடியும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.